காசு போட முன்: இணையத்தில் கிளாசிக் கார் தேடும் திருமலைக்காரருக்கு

திருகோணமலையில் பழைய கார் ஆசை பிடித்தவருக்குக் காசுக்கு முன்னால் வந்து நிற்கும் பிரச்சினை தூரம். மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, வொக்ஸ்வேகன் பீட்டில், பேஜோ 404 என்று எதைத் தேடினாலும் விளம்பரங்களில் அநேகமானவை கொழும்பு, நீர்கொழும்பு, கண்டி, குருநாகல் பக்கம்தான். ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கொழும்புக்குப் போவதென்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். போய்வர ஒரு நாள் லீவு, வான் கூலி, கூட வரும் மெக்கானிக்கின் நாட்கூலி எல்லாம் சேரும். 'இவ்வளவு தூரம் போய்ச் சரிவராவிட்டால்?' என்ற தயக்கம் யாருக்கும் வரும். மோசடிக்காரன் சம்பாதிப்பது அந்தத் தயக்கத்தில்தான். நீங்கள் திருமலையில் இருந்தால் கார் மாத்தறையில் நிற்கும். மாத்தறைக்காரர் கேட்டால் அதே கார் திருமலையில் ஒரு கடற்படை அதிகாரியின் வீட்டில் நிற்கும்.

விற்கிற ஆள், கார், கார்ப் புத்தகம் (பதிவுச் சான்றிதழ்), காசு போகிற வங்கிக் கணக்கு. இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று உறுதியாகும்வரை ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது. கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் இந்த நான்கில் ஏதோ இரண்டைப் பொருத்திப் பார்க்கிற வேலைதான்.

முதலில் மொடலைப் படியுங்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் நேரே விளம்பரங்களுக்குள் போய் விழுவார்கள். அதற்கு முன் கொஞ்ச நாள் நீங்கள் ஆசைப்படுகிற காரைப் பற்றி மட்டும் படியுங்கள். படத்தைத் திருடிப் போடுகிறவனுக்குக் காரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆண்டைக் குத்துமதிப்பாக எழுதுவான். உங்களுக்கு விஷயம் தெரிந்தால் அங்கேயே அகப்படுவான்.

மொறிஸ் மைனரைப் பாருங்கள். 1948இல் தொடங்கி 1971 வரை இங்கிலாந்தில் தயாரான கார். முன்கண்ணாடி நடுவில் சட்டம் வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1956 வரைக்குமான கார். அந்த ஆண்டு மைனர் 1000 வந்தபோதுதான் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. எஞ்சினும் காலத்துக்குக் காலம் மாறியது: ஆரம்பத்தில் 918 சீசீ, பிறகு 803, மைனர் 1000உடன் 948, 1962இலிருந்து 1098. 'மைனர் 1000, 1964, எல்லாம் ஒரிஜினல்' என்று எழுதிவிட்டு, இரண்டாகப் பிரிந்த கண்ணாடியோடு ஒரு காரின் படம் போட்டிருந்தால் படமோ எழுத்தோ ஏதோ ஒன்று பொய்.

பீட்டிலுக்குப் பின்கண்ணாடிதான் அடையாளம். 1953 தொடக்கம் வரை நடுவில் பிரிந்த கண்ணாடி, அதன்பின் 1957 வரை முட்டை வடிவம், பிறகு அகலமான சதுரக் கண்ணாடி. ஒஸ்டின் ஏ40 சொமசெற் 1952 முதல் 1954 வரை மட்டும் தயாரிக்கப்பட்டது. ஆகவே '1958இல் தயாரித்த சொமசெற்' என்று ஒன்று கிடையாது. மினி 1959க்கு முன்னர் பிறக்கவேயில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நேர்மையான ஆட்களும் ஆண்டைப் பிழையாக எழுதுவார்கள். அப்பா விட்டுப்போன காரை விற்கும் பிள்ளைகளுக்கு மொடல் விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் நாட்டில் பழைய கார்கள் பலதும் கலப்புக் கார்கள். மைனருக்குள் டட்சன் எஞ்சின் ஓடுவது ஒன்றும் புதினமில்லை. அதனால் பொருந்தாத ஒன்றைக் கண்டதும் ஓடிவிடாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். உண்மையான சொந்தக்காரர், 'அது அந்த நேரம் எஞ்சின் மாத்தினது, புத்தகத்திலயும் பதிஞ்சிருக்கு' என்று ஒரு கதை சொல்வார். மற்றவன், 'ஓம் ஓம், எல்லாம் ஒரிஜினல்தான், எப்ப காசு போடுறீங்க?' என்பான்.

நம்பர் பிளேட்டும் ஒரு சாட்சி. நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் முற்பகுதியிலும் பதிந்த கார்களில் ஈஎல், ஈஎன், ஈவை போன்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். சிங்கள ஸ்ரீ எழுத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் வந்தது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழர் பகுதிகளில் தார்ச்சட்டியோடு நடந்த போராட்டம் பலருக்குத் தெரிந்த கதை. '1949இல் புதிதாகப் பதிந்த கார், அன்றிலிருந்து அதே நம்பர்' என்று சொல்லும் காரில் ஸ்ரீ இருந்தால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

விலைக்கு வருவோம். இக்மன், ரியசெவன போன்ற தளங்களிலும் பேஸ்புக்கிலும் ஒரே மொடலைச் சில கிழமைகள் தொடர்ந்து பார்த்து, கேட்கும் விலைகளை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைக்காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். ஓடுகிற நிலையில் உள்ள நல்ல மைனர் ஒன்றைப் பாதி விலைக்கு யாரும் விடமாட்டார்கள். 'அவசரமாகக் காசு தேவை' என்பதும் காரணமாகாது. அவ்வளவு அவசரம் உள்ளவர் பக்கத்தில் உள்ள கார் வியாபாரியிடம் அன்றைக்கே கொடுத்துக் காசை வாங்கிவிடுவார். முகம் தெரியாத திருமலைக்காரருக்காகக் காத்திருக்கமாட்டார்.

படத்தைக் கிண்டுங்கள்

விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம். முதல் படத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவைக்கிற ஆட்கள் உண்டு. ஒன்றும் வராவிட்டால் படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டுத் தேடிப் பாருங்கள். தேடலில் அகப்படாமல் இருக்கத் திருடர்கள் செய்கிற வேலை அது. திருப்பிய படத்தில் ஸ்டியரிங் தப்பான பக்கத்தில் இருக்கும், எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி நிற்கும்.

நம்பர் பிளேட்டை மங்கலாக்கியிருப்பது மட்டும் குற்றமில்லை, பலர் பாதுகாப்புக்காக அப்படிச் செய்வார்கள். ஆனால் கேட்ட பிறகும் நம்பரைத் தராவிட்டால் அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். பதிவு எண் இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது.

பின்னணியைப் பாருங்கள். கார் நிலாவெளியில் நிற்கிறது என்கிறார்கள், படத்தில் செங்கல் வீடும் இலையுதிர்ந்த மரமும் தெரிகின்றன. இருபது வருடம் கடற்கரை வீட்டில் நின்ற கார் என்கிறார்கள், கதவின் அடிவிளிம்பில் ஒரு துரு முடிச்சுக்கூட இல்லை. உப்புக்காற்று எங்கள் ஊர்க் கேற்றையே தின்றுவிடும், காரை விட்டுவைக்குமா? அப்புறம், எல்லாப் படமும் ஒரே காருடையதா என்று பார்க்க வேண்டும். ஒரு படத்தில் சிவப்புச் சீற், மற்றதில் கறுப்பு. ஒன்றில் இரண்டு பக்கக் கண்ணாடி, மற்றதில் ஒன்று. இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களும் வருகின்றன. அவற்றில் போனட்டில் உள்ள பெயர் எழுத்து வாசிக்க முடியாமல் குழம்பியிருக்கலாம், ஒவ்வொரு சில்லிலும் நட்டுகளின் எண்ணிக்கை வேறுபடலாம்.

விளம்பரத்தில் உள்ள ஒரு நீளமான வசனத்தைப் பிரதிசெய்து தேடுவதும் நல்லது. அதே வசனம், அதே கார், மூன்று ஊர், மூன்று போன் நம்பர் என்று வந்தால் சொல்ல வேறொன்றுமில்லை.

கதைகள்

மோசடிக் கதைகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு: கார் மலிவாக இருக்கும், அதற்கு மனதைத் தொடும் ஒரு காரணம் இருக்கும், நீங்கள் வந்து பார்க்க முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கும். கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விட்ட மகன், இடமாற்றம் கிடைத்த அதிகாரி, கணவனை இழந்த அம்மா. இவை உண்மையாகவும் நடக்கும் என்பதுதான் சிக்கல். வெளிநாட்டில் இருப்பவர் இங்கே உள்ள காரை விற்பது எங்கள் சமூகத்தில் சாதாரணம். அப்படியென்றால் இங்கே ஒருவருக்கு அவர் அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருப்பார். அந்த ஆள் வீட்டில் இருப்பார், காரைத் திறந்து காட்டுவார், பத்திரத்தைக் காட்டுவார். காட்ட ஒருவரும் இல்லை, ஆனால் காசு வாங்க மட்டும் ஒரு கணக்கு உண்டு என்றால் அது வேறு கதை.

எங்கள் ஊருக்கென்றே ஒரு கதை உண்டு: 'இங்கிலாந்திலிருந்து வந்த கார், திருகோணமலைத் துறைமுகத்தில் சுங்கத்தில் நிற்கிறது, வரி மட்டும் கட்டினால் எடுத்துவிடலாம்.' துறைமுகம் இருக்கிற ஊர் என்பதால் வெளியூர்க்காரர் இதை நம்பிவிடுவார்கள். நாங்கள் நம்பக் கூடாது. நாட்டுக்கு வரும் கார்கள் இறங்குவது கொழும்பிலும் அம்பாந்தோட்டையிலும். இங்கே வருவது கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எண்ணெய் வகையறா. அது மட்டுமில்லை, பாவித்த கார்களை இறக்குமதி செய்ய வயது எல்லை உண்டு. அறுபது வருடப் பழைய மைனர் சாதாரண வழியில் கப்பலேறி வந்து யாரோ ஒருவர் வரி கட்டுவதற்காகக் காத்து நிற்காது. சுங்கத் தீர்வையைத் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குக் கட்டுகிற வழக்கமும் இல்லை.

அவசரப்படுத்தும் பேச்சும் இந்த வகைதான். 'அண்ணா, இன்னும் மூணு பேர் வரிசையில நிக்கிறாங்க, இருபத்தையாயிரம் போட்டுவிட்டா உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறன்.' இருபத்தையாயிரம் என்ற தொகையைக் கவனியுங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் யோசிப்பீர்கள், இது போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை. இப்படிப் பத்துப் பேர் போட்டால் அவனுக்கு இரண்டரை லட்சம், கார் ஒன்றும் இல்லாமலே. பார்க்காத காருக்கு முற்பணம் இல்லை என்று ஒரே வரியில் பதில் எழுதுங்கள். நல்ல விற்பனையாளர் கோபிக்கமாட்டார், 'சரி, வந்து பாருங்க' என்பார்.

போனில் பேசுங்கள், பிறகு காணொளி கேளுங்கள்

வட்ஸ்அப் எழுத்தோடு மட்டும் நிற்கிற ஆளை நம்ப வேண்டாம். பேசச் சொல்லுங்கள். சிங்களத்தில் பேச வேண்டியிருந்தால் சிங்களம் நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டுவதில் எங்கள் ஆட்கள் பலர் மாட்டுப்படுகிறார்கள். வீட்டுத் தொலைபேசி இருந்தால் அதைக் கேளுங்கள். கண்டி என்றால் 081, யாழ்ப்பாணம் 021, கொழும்பு 011, எங்களுக்கு 026. கையடக்கத் தொலைபேசி நம்பரில் ஊர் தெரியாது, வீட்டு நம்பரில் தெரியும்.

அதன்பின் நேரலைக் காணொளி. பதிவுசெய்த காணொளியை ஏற்கவேண்டாம், அதையும் திருடலாம். அழைப்பில் இருக்கும்போதே நீங்கள் சொல்லச் சொல்ல அவர் செய்யவேண்டும்: போனட்டைத் திற, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டைக் காட்டு, இடது பின்கதவைத் திறந்து மூடு, நம்பர் பிளேட்டில் கைவை. ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிக் கண்ணாடியில் வைக்கச் சொல்லலாம். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, சூடில்லாத நிலையில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். 'சிக்னல் இல்லை', 'கமரா உடைஞ்சிருக்கு', 'கார் கராஜில, சாவி மச்சானிட்ட' என்று மூன்று நாள் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

காணொளி சரியாக வந்தாலும் கார் அவருடையது என்று ஆகிவிடாது. கார் என்று ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

புத்தகமும் அடையாள அட்டையும்

பதிவுச் சான்றிதழின் இரண்டு பக்கத்தையும், விற்பவரின் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடையாள அட்டை எண்ணை வாசிக்கத் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் பல பொய்கள் விழும். பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டப்படும். 1965 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஆணின் எண் 65032 என்று தொடங்கும், பெண்ணுடையது 65532 என்று தொடங்கும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக வரும்: 1965032. நாளை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் உள்ள பிறந்த திகதியும் எண்ணும் ஒத்துவராவிட்டால், அல்லது ஆணின் படத்துக்குக் கீழே 500க்கு மேற்பட்ட எண் நின்றால், யாரோ கணினியில் ஒட்டியிருக்கிறார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து வாகனத்தின் விவரங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அந்தத் தளத்துக்கு நீங்களாகவே போங்கள். விற்பவர் அனுப்பிய இணைப்பை அழுத்தாதீர்கள். அரச தளத்தின் முகவரி டொட் ஜிஓவி டொட் எல்கே என்று முடியும். விவரம் கிடைக்காவிட்டால் 1919 அரச தகவல் நிலையத்தில் வழியைக் கேட்கலாம், அல்லது கொழும்பில் யாராவது தெரிந்தவரை நாரஹேன்பிட்டவில் உள்ள திணைக்களத்துக்கு அனுப்பலாம். பழைய காருக்கு அந்த அலைச்சல் தேவைதான்.

புத்தகத்தில் பார்க்கவேண்டியது மூன்று. பதிவான உரிமையாளரின் பெயர், செசி நம்பரும் (காரின் உடலில் உள்ள அடையாள எண்) எஞ்சின் நம்பரும், வாகனத்தின் மீது கடன் கொடுத்த நிறுவனம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பது. கடைசியானது இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது.

பழைய கார்களில் அடிக்கடி காண்பது 'ஓப்பன் பேப்பர்'. பதிவான உரிமையாளர் என்றைக்கோ கையொப்பம் வைத்துக் கொடுத்த மாற்றப் படிவத்தோடு கார் நாலைந்து கை மாறியிருக்கும். இதெல்லாம் மோசடி என்று சொல்லமுடியாது, சோம்பலும் செலவுப் பயமும்தான் பெரும்பாலும். ஆனால் மோசடிக்காரனுக்கு மிகவும் வசதியான மறைவிடமும் இதுவே. பதிவான உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். எழுபதுகளில் கார் வாங்கியவர் இன்று இல்லாமலிருக்கக் கூடும். இறந்தவரின் கையொப்பத்தோடு உள்ள வெற்றுப் படிவத்தை வைத்துக் கார் உங்கள் பெயருக்கு வராது. வாரிசுகள் ஊடாகத்தான் வரவேண்டும், அதற்கு ஒரு சட்டத்தரணியின் உதவி வேண்டும். புத்தகம் தொலைந்துவிட்டது, சத்தியக் கடதாசி இருக்கிறது என்பவரிடம், 'திணைக்களத்தில் நீங்களே மறுபிரதி எடுத்துத் தாருங்கள், எடுத்த பிறகு விலை பேசலாம்' என்று சொல்லுங்கள். உண்மையான உரிமையாளரால் அதைச் செய்யமுடியும்.

போய்ப் பார்க்கும் நாள்

பகலில் போங்கள், காசை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தனியே போகாதீர்கள். உங்கள் கராஜ் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் நல்லது. கூட்டிப்போக வசதியில்லாவிட்டால் அந்த ஊரில் பழைய கார் பழகிய ஒருவரைப் பிடித்துக் கூலி கொடுத்து முதலில் பார்க்கச் சொல்லலாம். அந்த ஆளை விற்பவர் சிபாரிசு செய்யக்கூடாது.

காரில் உள்ள நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். மைனரில் போனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் செசி நம்பர்த் தகடு இருக்கும். பீட்டிலில் பின்சீற்றைத் தூக்கினால் நடு முதுகெலும்பில் அடித்திருப்பார்கள். தகட்டின் ஆணிகள் புதிதாக மின்னுகின்றனவா, எழுத்துகளைச் சுற்றி அரைத்த தழும்போ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். உடைத்த காரின் புத்தகத்தைப் புத்தகமில்லாத காருக்குப் பொருத்துகிற தொழில் இந்த நாட்டில் பழையது.

இனி மிகவும் ஆபத்தான வகை. இதில் கார் உண்மை, வீடு உண்மை, சொந்தக்காரரும் உண்மை, காசு மட்டும் வேறெங்கோ போகும். நடப்பது இப்படி. கண்டியில் ஒருவர் தன் காருக்கு நேர்மையாக விளம்பரம் போடுகிறார். நடுவில் ஒருவன் அந்தப் படங்களை எடுத்துக் குறைந்த விலைக்குத் தன் நம்பரோடு இன்னொரு விளம்பரம் போடுகிறான். நீங்கள் அவனுக்கு எடுக்கிறீர்கள். அவன் சொந்தக்காரருக்கு எடுத்து, 'திருகோணமலையில இருந்து என்ர தம்பி வாறார் பாக்க. நான் அவருக்குக் கடனைத் திருப்பிக் குடுக்கவேணும், அதுக்காகத்தான் இந்தக் காரை எடுத்துக் குடுக்கிறன். விலை பற்றி அவரோட கதைக்கவேண்டாம்' என்கிறான். உங்களிடம், 'வீட்டில இருக்கிறது என்ர மாமா. அவருக்கு விலை தெரியாது, தெரிஞ்சா சண்டை பிடிப்பார், காசுக் கதை எடுக்காதீங்க' என்கிறான். நீங்கள் போகிறீர்கள். கார் நன்றாக இருக்கிறது, புத்தகம் சரி, வீட்டுக்காரர் தேத்தண்ணி தருகிறார். ஆளுக்காள் புன்னகையோடு விலையைப் பேசாமல் நிற்கிறீர்கள். முற்றத்தில் நின்றபடியே அவன் கொடுத்த கணக்குக்குக் காசைப் போடுகிறீர்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் கேட்கிறார்: 'தம்பி, காசு எப்ப வரும்?'

இதை உடைக்கும் வழி ஒன்றுதான். புத்தகத்தில் பெயர் உள்ளவரோடு, நேருக்கு நேர், வாய்விட்டு விலையைக் கேளுங்கள்: 'ஐயா, நீங்கள் எவ்வளவுக்குக் கொடுக்கிறீர்கள்? காசு யாருடைய கணக்குக்கு?' விலை பேசவேண்டாம் என்று யாராவது தடுத்தால் அந்தத் தடையே போதிய அறிகுறி. உண்மையான தரகர்கள் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்காரவைத்துத் தரகுக்காசைக் கேட்பார்கள், ஒளிக்கமாட்டார்கள்.

காசு

நான் யாருக்கும் சொல்லும் வழி இது: விற்பவரின் வங்கிக் கிளைக்கே இருவரும் போங்கள். கவுண்டரில் வைத்து அவருடைய பெயரும் கணக்கு எண்ணும் ஒன்றா என்று உறுதிசெய்து, அவர் முன்னிலையில் கட்டுங்கள். பிள்ளையின் கணக்கு, மச்சானின் கணக்கு, கம்பனிக் கணக்கு என்று எது சொன்னாலும், புத்தகத்தில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் வேண்டாம். ஈசி கேஷ் (போன்வழிப் பணம்), கிரிப்டோ, கிப்ட் கார்ட் என்று கேட்டால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வங்கிகளுக்கிடையிலான உடனடி மாற்றத்தில் காசு நிமிடத்தில் போய்விடும், திரும்ப எடுப்பது பெரும்பாடு.

'காசு நடுநிலை நிறுவனத்தில் இருக்கும், கார் கிடைத்த பிறகு விடுவிக்கப்படும்' என்று ஒரு இணைப்பு வரலாம். அழகான தளமாக இருக்கும், கார் லொறியில் ஏறிய படமும் அனுப்புவார்கள். அட்டை எண்ணையும் ஓடிபியையும் (வங்கி உங்கள் போனுக்கு அனுப்பும் ஒருதடவை இலக்கம்) கேட்கும். ஓடிபி என்பது உங்கள் கணக்கின் திறப்பு; வங்கி ஊழியர் என்று சொல்பவருக்கும் கொடுக்கக்கூடாது.

கொடுத்த கையோடு வாங்கவேண்டியவை: அசல் புத்தகம், கையொப்பமிட்ட மாற்றப் படிவங்கள், செல்லுபடியான வருமான அனுமதிப்பத்திரம், சாவிகள், காசு பெற்ற துண்டு. துண்டில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு அந்தக் கார் யாரையாவது இடித்திருந்தால் பதினொரு மணிக்கு வாங்கிய நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. படிவம் சிங்களத்தில் இருந்தால் வாசித்து விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். பெயர் மாற்றத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளவேண்டாம்.

உதிரிப்பாகங்கள் வாங்குவதிலும் இதே மோசடிகள் சின்ன அளவில் உண்டு. கிறில், ஹெட்லாம்ப் வளையம், ஹப் கப் போன்றவற்றைப் பொதி வந்து திறந்து பார்த்தபின் காசு கொடுக்கும் முறையில் வாங்குங்கள். 'மைனர் பாகம் வேண்டும்' என்று உங்கள் நம்பரோடு பொதுவில் எழுதவேண்டாம். அன்றிரவே உங்களிடம் இல்லாத பாகம் உள்ளவர்கள் ஐந்து பேர் வந்துவிடுவார்கள்.

ஏமாந்துவிட்டால்

முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இருபத்துநான்கு மணி நேர இலக்கத்துக்கு எடுத்து, பெறுநர் கணக்கில் காசை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டு, முறைப்பாட்டு எண்ணை வாங்குங்கள். அடுத்தது சான்றுகள். விளம்பரம், அரட்டை, போன் நம்பர், கணக்கு எண், மாற்றிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படம்பிடியுங்கள். கோபத்தில் அவனைத் திட்டி எழுதினால் அவன் அரட்டையை அழித்துவிட்டு நம்பரை மாற்றிவிடுவான், அதனால் சான்றுகளை எடுக்கும்வரை ஒன்றும் தெரியாதவர்போல் இருங்கள்.

பிறகு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். நீங்கள் தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்கலாம், அது உங்கள் உரிமை. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்று தனிப்பிரிவு உண்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. போலிக் கணக்கு, போலித் தளம் சம்பந்தமான வழிகாட்டலுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு எடுக்கலாம். விளம்பரம் வந்த தளத்துக்கும் அறிவியுங்கள்.

கடைசியாக ஒன்று. சில நாள் கழித்து, 'உங்கட காசை எடுத்துத் தாறம், ஹக்கர் ஒருவர் இருக்கிறார், செலவுக்கு முதல்ல கொஞ்சம் போடுங்க' என்று ஒருவர் தொடர்புகொள்வார். சிலவேளை பொலிஸ் சின்னம் போட்ட படத்தோடு வருவார். ஏமாந்தவர்களின் நம்பர்கள் இந்த ஆட்களுக்குள் கைமாறும், பழைய ஆளே புதுப் பெயரில் வருவதும் உண்டு. பதில் எழுதாமல் அந்த நம்பரையும் உங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.